ஐடிலிங் ஆடிய டர்போ கார்: நான் சரிசெய்த விதம்

முந்தைய ஓனர் கண்டபடி மாற்றிவைத்த கார். ஐடிலிங் (ஆக்ஸிலரேட்டரை அழுத்தாதபோது எஞ்சின் ஓடும் வேகம்) 600க்கும் 1,100 ஆர்பிஎம்முக்கும் இடையே ஆடியது. ஆக்ஸிலரேட்டரை விட்டால் எஞ்சின் அணைந்தது. ஸ்கேனரில் ஃப்யூவல் ட்ரிம் (எஞ்சின் கம்ப்யூட்டரான ஈசியு பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் அளவு) ஐடிலிங்கில் +18%, 2,500 ஆர்பிஎம்மில் +4%. இப்படி இறங்கினால் பெரும்பாலும் வேக்வம் கசிவுதான்: அளக்கப்படாத காற்று எங்கோ இடுக்கு வழியே எஞ்சினுக்குள் நுழைகிறது.

கசிவைத் தேட, காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் டர்போவின் உறிஞ்சு வாயை அடைத்து, காற்று வழியை மூடும் த்ராட்டில் தகட்டைத் திறந்துவைத்து, 0.7 பார் காற்றேற்றி சோப்புத் தண்ணீர் தெளித்தேன். டர்போ அழுத்தத்தைக் காட்டும் பூஸ்ட் கேஜுக்கான டி-வடிவ இணைப்பில் நுரை பொங்கியது. 4 மி.மீ. முனையில் 6 மி.மீ. ஹோஸ், இறுக்க ஒரு கேபிள் டை! சரியான அளவு சிலிகான் ஹோஸ் போட்டதும் ஆட்டம் நின்றது.

அணைவது மட்டும் நிற்கவில்லை. காரணம், ஆக்ஸிலரேட்டரை விட்டதும் மிஞ்சும் அழுத்தக் காற்றை வெளியே ஊதும் புளோ ஆஃப் வால்வு. உள்ளே வரும் காற்றை அளக்கும் மாஃப் சென்சார் ஏற்கெனவே கணக்கிட்ட காற்று வெளியேற, ஈசியு அதற்கும் சேர்த்துப் பெட்ரோல் ஊற்றுகிறது. வால்வின் வாயை சென்சாருக்கும் டர்போவுக்கும் நடுவிலுள்ள குழாயில் இணைத்தேன். 'புஸ்' சத்தம் போனது. ஐடிலிங் 850இல் நிற்கிறது.