மாரத்தான் பார்க்கப் போனால் எங்கே நிற்பது?

மாரத்தான் பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் முடிவுக் கோட்டருகேதான் கூடுவார்கள். முப்பதாவது கிலோமீட்டரைத் தாண்டி ஓரிடத்தில் நின்று பாருங்கள். மொத்த தூரம் 42.195 கிலோமீட்டர். உடல் சேமித்து வைத்திருக்கும் மாவுச்சத்து பலருக்கு அந்த இடத்தில்தான் தீர ஆரம்பிக்கும். தொடக்கத்தில் சிட்டாய்ப் பறந்தவர்கள் அங்கே காலை இழுத்துக்கொண்டு வருவார்கள். பின்தங்கியிருந்த சிலர் அதே சீரான வேகத்தில் அவர்களைக் கடந்து போவார்கள். அதைப் பார்த்த பிறகு, நீண்ட வேலை எதுவானாலும் முதல் சில நாட்கள் என்னால் முடியும் என்று தோன்றுவதைவிடச் சற்றுக் குறைவாகவே செய்கிறேன். ஆர்வம் அடங்கிய பிறகும் கைவசம் தெம்பு இருக்கிறது.

தயவுசெய்து கடைசி ஆள் வரும்வரை இருங்கள். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் தான்சானியாவின் ஜான் ஸ்டீபன் அக்வாரி, கீழே விழுந்து அடிபட்ட காலோடு, வென்றவருக்கு ஒரு மணி நேரத்துக்கும் மேல் பிந்தி வந்து ஓட்டத்தை முடித்தார். கைதட்டல் அதிகம் தேவைப்படுவது இப்படி வருகிறவர்களுக்குத்தான். வெறுமனே "இன்னும் கொஞ்சம்தான்" என்று சொல்லாதீர்கள். சோர்ந்தவருக்கு அது எரிச்சலூட்டும். மிச்சம் எத்தனை கிலோமீட்டர் என்று சரியாகச் சொல்லுங்கள்.