ரேம்ப் வெங்காயம்: அகல இலையா, குறுகல் இலையா?

வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதிக் காடுகளில், பனி உருகிய கையோடு தலைகாட்டும் காட்டு வெங்காயம் ரேம்ப். தாவரப் பெயர் அல்லியம் டிரைகாக்கம். இதில் இரண்டு வகை உண்டு: அகல இலை டிரைகாக்கம், குறுகல் இலை பர்டிக்கியை (burdickii). (நம் ஊரில் காட்டு வெங்காயம் என்று சொல்லும் நரிவெங்காயம் வேறு செடி, நஞ்சுள்ளது. இரண்டையும் குழப்ப வேண்டாம்.)

எது எந்த வகை என்று கண்டுபிடிக்க ஓர் அளவுகோல், வெள்ளைத் தாள், கொஞ்சம் நூல் போதும். மண்வெட்டி வேண்டவே வேண்டாம். விதை முளைக்கவே 6 முதல் 18 மாதம் ஆகும். அது பூக்கும் செடியாக மேலும் பல ஆண்டுகள். அடையாளம் காண்பதற்காக ஒரு செடியைக்கூடப் பிடுங்கத் தேவையில்லை.

படி 1: ரேம்ப்தானா?
இலை நுனியைக் கிள்ளிக் கசக்குங்கள். வெங்காயமும் பூண்டும் கலந்த வாடை வர வேண்டும். முதல் செடியிலேயே விரலில் வாடை ஏறிவிடும். பிறகு எதைக் கசக்கினாலும் அதே வாடைதான் அடிக்கும். ஒவ்வொரு முறையும் கையைத் துடைத்துவிட்டு, புது விரலால் கசக்குங்கள். இதே காடுகளில் வளரும் 'லில்லி ஆஃப் த வேலி', 'ஃபால்ஸ் ஹெலிபோர்' இரண்டும் கொடிய நஞ்சு. அவற்றில் இந்த வாடை இருக்காது. ஹெலிபோர் இலையில் விசிறி மடிப்புப் போல வரிவரியாக இருக்கும்.

படி 2: காம்பின் நிறம்
முக்கியமான படி இதுதான். அடியில் கிடக்கும் சருகை விலக்கி, ஈர விரலால் மண்ணைத் துடைத்து, பின்னால் வெள்ளைத் தாளை வைத்துப் பாருங்கள். இலை குறுகி, தனிக் காம்பாகி, பீட்ரூட் தண்ணீர் பட்டதுபோல் சிவந்திருந்தால் அகல இலை வகை. காம்பு என்று தனியாகச் சொல்ல முடியாமல் இலையே சரிந்து இறங்கி, அடி வெளுத்தோ வெளிர்பச்சையாகவோ இருந்தால் பர்டிக்கியை. பலரும் மண்ணுக்குள் தோண்டிப் பார்த்து ஏமாறுகிறார்கள்: குமிழ் இரண்டிலும் வெள்ளைதான்.

படி 3: இலையின் அகலம்
முதிர்ந்த செடிகள் பத்தையாவது அளக்கவும். 5 முதல் 9 செ.மீ. என்றால் அகல வகை, 2 முதல் 4 செ.மீ. என்றால் குறுகல் வகை. ஒற்றை இலைக் குட்டிச் செடிகளை அளக்காதீர்கள். அகல வகையின் குட்டியும் குறுகலாகத்தான் இருக்கும்.

படி 4: பூ எண்ணிக்கை
கோடையில் பூக்கும்போது பெரும்பாலும் இலை வாடிப்போயிருக்கும். அதனால் வசந்தத்திலேயே பக்கத்தில் குச்சி நட்டு நூல் கட்டி வையுங்கள். ஒரு கொத்தில் ஏறக்குறைய 30 முதல் 50 பூ என்றால் டிரைகாக்கம்; 10 முதல் 20 என்றால் பர்டிக்கியை. பர்டிக்கியை சற்று முந்திப் பூக்கும்.

அகலம் ஒன்றைச் சொல்லி, காம்பும் பூவும் வேறொன்றைச் சொன்னால், காம்பையும் பூவையும் நம்புங்கள். பூக்காலம் தவறிவிட்டதா? செப்டம்பரில் போய்ப் பாருங்கள். காய்ந்த தண்டு கறுப்பு விதைகளோடு நின்றுகொண்டிருக்கும்; உச்சியில் இருக்கும் சிறு காம்புகளை எண்ணினாலே போதும்.