பெயரின் ஒரு பாதி காலியாக இருந்தால் இ-விசா படிவம்: என் அனுபவம்

திருமண நாளுக்காகத் திட்டமிட்ட வெளிநாட்டுப் பயணம், மனைவியின் இ-விசா விண்ணப்பத்தில் பல நாள்கள் முடங்கிக் கிடந்தது. கடவுச்சீட்டில் அவருக்குக் குடும்பப் பெயர் இல்லை, ஒற்றைப் பெயர்தான். கடவுச்சீட்டின் படத்தை ஏற்றியதும் ‘விவரங்கள் பொருந்தவில்லை’ என்றே படிவம் திரும்பியது. சக பயணிகள் சொன்னபடி படத்தின் அளவைக் குறைத்தேன். குடும்பப் பெயர்க் கட்டத்தில் புள்ளி வைத்தேன். அதே பெயரை இரு கட்டங்களிலும் எழுதினேன். எதுவும் பலிக்கவில்லை.

அனுபவமுள்ள பயணி ஒருவர், கடவுச்சீட்டில் படமுள்ள பக்கத்தின் அடியிலுள்ள, கணினி படிக்கும் இரண்டு வரிகளைப் பார்க்கச் சொன்னார். வரிக்கு 44 எழுத்துக்குறிகள் கொண்ட அந்தப் பகுதியில், நாட்டின் மூன்றெழுத்துக் குறியீட்டை அடுத்துக் குடும்பப் பெயரும், இரட்டை அம்புக்குறிக்கு (<<) பின் இயற்பெயரும் வரும். மனைவியின் கடவுச்சீட்டிலோ ஒற்றைப் பெயர் குறியீட்டை ஒட்டியே தொடங்கி, அதன்பின் வரி முடியும்வரை வெறும் அம்புக்குறிகளே இருந்தன. மேலே இயற்பெயராக அச்சிடப்பட்டிருந்தாலும், கணினிக்கு அது குடும்பப் பெயர்.

பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் எழுதி, ‘இயற்பெயர் இல்லை’ என்ற தெரிவைக் குறித்ததும் விண்ணப்பம் ஏற்கப்பட்டது. பெரும் நிம்மதி. விமானச்சீட்டிலும் பெயர் எப்படி வர வேண்டும் என்பதை, பணம் கட்டுவதற்கு முன்பே விமான நிறுவனத்திடம் கேட்டு உறுதிசெய்துகொண்டேன்.