வேஸ்ட்கேட் எத்தனை எம்.எம்.? கண்மாய்க் கலுங்கை வைத்து ஒரு கணக்கு

உச்சிப்புளிப் பக்கம் நம் பட்டறைக்கு வரும் தம்பிகள் எல்லாரும் ஒரே கேள்வியோடுதான் வருவார்கள். "அண்ணே, முந்நூறு குதிரை எடுக்கணும், எத்தனை எம்.எம். வேஸ்ட்கேட் போடலாம்?" குதிரைத்திறனை மட்டும் வைத்துக்கொண்டு இதற்குப் பதில் சொல்ல முடியாது.

நம் ஊர்க் கண்மாயை நினைத்துக்கொள்ளுங்கள். மடை வழியாகப் போகும் தண்ணீர் வயலில் வேலை செய்கிறது. மிஞ்சியது கலுங்கு ஏறி வெளியே போகிறது. டர்போவிலும் அதே கதைதான். இன்ஜின் புகை டர்பைன் என்ற சக்கரத்தைச் சுற்ற, அது இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும்; அந்தக் காற்றின் அழுத்தம்தான் பூஸ்ட். டர்பைனைச் சுற்றும் புகை மடைத் தண்ணீர்; சுற்றாமல் விலகிப்போகும் புகைக்கு வேஸ்ட்கேட்தான் கலுங்கு. எம்.எம். என்பது அதன் வால்வின் விட்டம். நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை என்று பேர் வாங்கிய ராஜசிங்கமங்கலம் கண்மாய்க்கும் மிச்சத் தண்ணீரைப் பார்த்துத்தான் கலுங்கு கட்ட வேண்டும்.

(டீசல் கார்க்காரர்கள் கவனிக்க: உங்கள் வண்டியில் விஜிடி டர்போ என்றால் பெரும்பாலும் வேஸ்ட்கேட்டே இருக்காது. உள்ளே திரும்பும் இதழ்களே பூஸ்டைப் பார்த்துக்கொள்ளும்.)

படி 1: நாலு விவரம் எழுதுங்கள்

இன்ஜின் எத்தனை லிட்டர், எவ்வளவு குதிரைத்திறன் வேண்டும், எத்தனை பார் பூஸ்ட், டர்பைன் சிறியதா பெரியதா. கடைசி இரண்டையும்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள்.

படி 2: மிச்சம் எவ்வளவு என்று பாருங்கள்

புதிதாக வருபவர்கள் தடுமாறுவது இங்கேதான். பூஸ்ட் கூடினால் வேஸ்ட்கேட்டும் பெரிதாக வேண்டும் என்றுதான் யாருக்கும் தோன்றும். நடப்பது தலைகீழ்.

ஒரே 2 லிட்டர் பெட்ரோல் இன்ஜினை எடுத்துக்கொள்வோம். முதல் ஆள் சின்ன டர்பைன் போட்டு 0.5 பார் போதும் என்கிறார். அந்த அழுத்தத்துக்கு டர்பைனுக்குக் கொஞ்சம் புகையே போதும். மீதி அத்தனையும் வெளியேற வேண்டும். அவருக்கு 44 அல்லது 45 எம்.எம். பக்கம் போகச் சொல்வேன். இரண்டாவது ஆள் பெரிய டர்பைனில் 1.5 பார் கேட்கிறார். புகையில் பெரும்பகுதி டர்பைனுக்கே தேவைப்படும், மிச்சம் குறைவு. அவருக்கு 38 எம்.எம். போதும். அதிகக் குதிரைத்திறன் எடுப்பவருக்குத்தான் சின்ன வால்வு!

38-க்கும் 44-க்கும் ஆறு எம்.எம்.தானே என்று நினைக்காதீர்கள். வட்டத்தின் பரப்பைப் போட்டுப் பாருங்கள்: 38-க்கு 1134 சதுர எம்.எம்., 44-க்கு 1520. மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. இரண்டு 38 போட்டால் 2268. ஒற்றை 50-ஐ விட (1963) அதிகம்.

சந்தேகம் வந்தால் ஒரு அளவு கூட்டிப் போடுங்கள். சின்னதாகப் போய்விட்டால் ஆர்.பி.எம். ஏற ஏற பூஸ்டும் நிற்காமல் ஏறும். இன்ஜின் தட்டும், ஹெட் கேஸ்கெட் போகும், சில நேரம் பிஸ்டனே உடையும். பெரிதாகப் போனால் விலையும் இடமும்தான் பிரச்சினை. ரொம்பப் பெரிதானால் பூஸ்ட் ஒரு இடத்தில் நிற்காமல் ஆடும்.

படி 3: ஸ்பிரிங்

வேஸ்ட்கேட் வால்வை மூடிப் பிடித்திருப்பது ஸ்பிரிங். எந்த பூஸ்டுக்குக் கீழே போகவே வேண்டாமோ, அந்த அளவு ஸ்பிரிங். 0.5 பார் ஸ்பிரிங் போட்டால் பூஸ்ட் கன்ட்ரோலரை (வேஸ்ட்கேட் திறப்பதைத் தள்ளிப்போடும் கருவி) வைத்து 1 பார் வரை ஏற்றலாம். 0.5-க்குக் கீழே மட்டும் இறக்க முடியாது.

படி 4: வெல்டிங் வைக்கும் இடம்

எல்லா சிலிண்டர் புகையும் ஒன்றுசேரும் இடத்தில், புகை ஓடும் திசையிலேயே சாய்வாகக் குழாயை எடுங்கள். ஒரே சிலிண்டர் குழாயில் செங்குத்தாக ஒட்டவைத்த 44-ஐ விட, ஒழுங்காக வைத்த 38 நன்றாக வேலை செய்யும். தண்ணீர் போகாத மூலையில் கலுங்கு கட்டி என்ன பயன்?

படி 5: சோதனை

மூன்றாம் கியரில் கால் முழுதும் அழுத்தி பூஸ்ட் மீட்டரைப் பாருங்கள். முள் ஒரு துள்ளல் துள்ளிவிட்டுப் பழைய இடத்துக்கு வந்தால் அது ஸ்பைக், கன்ட்ரோலரில் சரிசெய்யலாம். இறங்காமல் ஏறிக்கொண்டே போனால் உடனே காலை எடுங்கள். குளிர்ந்த காற்றில் இந்த ஏற்றம் கூடும் என்பதால் மார்கழி விடியற்காலையில் ஒரு முறை பார்ப்பது நல்லது. பாம்பன் பாலத்தில் வேண்டாம் தம்பி. இருங்காட்டுக்கோட்டை, செட்டிபாளையம் என்று ரேஸ் டிராக் இருக்கிறது. ஆர்.சி.யில் இல்லாத மாற்றத்தோடு ரோட்டில் ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவும் குறுக்கே வரும்.

படி 6: உப்பு

இது நம் கரைக்காரர்களுக்கு மட்டும். மண்டபத்திலிருந்து ஒரு நண்பர் 44 எம்.எம். வாங்கப் பணத்தோடு வந்தார். அவர் வண்டியில் டர்போவோடு சேர்ந்த வேஸ்ட்கேட், 0.6-ல் நிற்க வேண்டிய பூஸ்ட் 1.1 வரை போகிறது. வண்டி கடலுக்கு முப்பதடி தள்ளித்தான் நிற்குமாம். வேஸ்ட்கேட் மூடியைக் கம்பியால் தள்ளித் திறக்கும் ஆக்சுவேட்டரின் ஹோஸைக் கழற்றி, மீட்டர் வைத்த கைப்பம்பால் மெதுவாகக் காற்று அடித்தேன். 0.5-ல் நகர வேண்டிய கம்பி 0.8-லும் அசையவில்லை. ஆக்சுவேட்டரில் குறை இல்லை. மூடி திரும்பும் புஷ்ஷில் உப்புத்துரு ஏறி, பல்லைக் கடித்த மாதிரி இறுகியிருந்தது. ராத்திரி முழுக்கத் துரு எண்ணெய் ஊறவைத்து, காலையில் இடுக்கியால் பிடித்து ஆட்டி ஆட்டி விடுவித்தோம். கொண்டுவந்த பணத்தில் அவர் தார்ப்பாய் வாங்கிப் போனார்.