புதிய டொமைனுக்கு மாறும்போது பயனர் புரொஃபைலைக் காப்பாற்றுதல்

ராணிப்பேட்டையில் தோல் ஏற்றுமதி அலுவலகம் ஒன்றின் கணினிகளைப் புதிய டொமைனில் (கணினிகளையும் பயனர் கணக்குகளையும் ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் அலுவலக வலையமைப்பு) இணைத்த மறுநாள் காலை, டெஸ்க்டாப்பில் ஒரு கோப்பும் இல்லையே என்று கணக்காளர் பதறினார். அவை அனைத்தும் அதே ஹார்டு டிஸ்க்கில், பழைய புரொஃபைல் ஃபோல்டரில்தான், அதாவது ஒரு பயனரின் கோப்புகளும் அமைப்புகளும் இருக்கும் ஃபோல்டரில்தான், இருந்தன. விண்டோஸ் ஒருவரைப் பெயரால் அல்லாமல் எஸ்ஐடி என்னும் அடையாள எண்ணால் அறிகிறது. டொமைன் மாறினால் அவ்வெண்ணும் மாறுவதால், அதே பெயரில் நுழைந்தாலும் வெற்றுப் புரொஃபைலே கிடைக்கும்.

பழைய டொமைனை விட்டு விலகும் முன், டொமைனைச் சாராமல் அந்தக் கணினியிலேயே உள்ள லோக்கல் அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கில் ஒருமுறை நுழைந்து பாருங்கள். அதன் கடவுச்சொல் தெரியாவிட்டால் வெளியிலேயே நிற்க வேண்டியதுதான். அடுத்து, பயனரின் கோப்புகளையும் அமைப்புகளையும் இடம் மாற்ற உதவும் மைக்ரோசாஃப்டின் யூஎஸ்எம்டி கருவியில் உள்ள ஸ்கேன்ஸ்டேட் கட்டளையால் புரொஃபைலை வெளி டிஸ்க்கில் சேமியுங்கள். ஈஎஃப்எஸ் என்னும் விண்டோஸின் மறையாக்க முறையில் பூட்டிய கோப்பைக் கண்டால் அது இயல்பாகவே நின்றுவிடும் என்பதால், அத்தகையவற்றின் பூட்டை முன்பே நீக்கிவைப்பது நல்லது. வேலூர்ப் பக்கத்துக் கோடை மின்தடையை நினைத்து, யூபிஎஸ் இல்லாத கணினியில் இதைத் தொடங்க வேண்டாம்.

புதிய டொமைனில் இணைத்து மறுதொடக்கம் செய்தபின், பயனர் நுழைவதற்கு முன்பே, சேமித்த புரொஃபைலைத் திரும்ப ஏற்றும், அதே கருவியின் லோட்ஸ்டேட் கட்டளையை அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமையுடன் இயக்குங்கள். அதன் எம்யூ (/mu) விருப்பத்தில் பழைய டொமைன் பெயரையும் பயனரையும், முக்காற்புள்ளி இட்டு, புதியவற்றையும் எழுத வேண்டும். பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்கள் கூடவே வராது. அவற்றை முன்னதாகக் குறித்துவைக்கச் சொல்லுங்கள். பழைய ஃபோல்டரை ஒரு மாதமாவது அழிக்காதீர்கள்.