உதிரிபாகம் வந்தால் முதலில் காகிதத்தைப் படியுங்கள்

சினூக் மாதிரியான பெரும் சுமை தூக்கும் ராணுவ ஹெலிகாப்டர்களுக்கு வரும் உதிரிபாகங்களைச் சரிபார்த்து ஸ்டோரில் ஏற்றுவது என் வேலை. புதிதாகச் சேரும் பிள்ளைகள் பெட்டியைக் கண்டதும் பிரிக்கத்தான் போவார்கள். பொறுங்கள். கூட வந்த காகிதம் சரியில்லை என்றால் உள்ளே இருப்பது எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் பயனில்லை.

பார்ட் நம்பரைக் கடைசி இலக்கம் வரை ஒப்பிடுங்கள். கடைசி டேஷ் எண் (சிறு கோட்டுக்குப் பின் வருவது) மாறினாலே அது வேறு பாகம். பழையது இருந்த இடத்தில் புதியது பொருந்தலாம். அதை வைத்து, புதியதன் இடத்தில் பழையதைப் போடலாம் என்று முடிவுகட்டாதீர்கள். சினூக்கின் முன் ரோட்டரும் பின் ரோட்டரும் (மேலே சுழலும் இறக்கைத் தொகுதிகள்) எதிரெதிராகச் சுழல்பவை. முன்னதன் பிளேடு பின்னதற்கு ஆகாது.

மாற்றியமைத்த பாகம் என்றால், அதற்கென்று தனி ஆய்வு இடைவெளி குறித்திருக்கிறார்களா என்று தேடுங்கள். 1986 நவம்பர் 6 அன்று ஷெட்லாந்தின் சம்பர்க் அருகே சினூக்கின் பயணிகள் வகை ஒன்று கடலில் விழுந்து 45 பேர் இறந்தார்கள். முன் கியர்பாக்ஸில் மாற்றியமைத்த பல்சக்கரம் உடைந்து, இரு ரோட்டர்களின் ஒத்திசைவு குலைந்து, பிளேடுகள் மோதிக்கொண்டன. அந்த 45 பேரை நினைக்காமல் நான் எந்தக் கியருக்கும் கையெழுத்துப் போடுவதில்லை.

லாக் கார்டில், அதாவது பாகத்தின் ஓட்டக் கணக்கு எழுதும் அட்டையில், மொத்தம் ஓடிய மணிநேரமும் ஓவர்ஹாலுக்குப் பின் ஓடியதும் தனித்தனியாக இருக்க வேண்டும். ஓவர்ஹால் செய்தார்கள் என்பதால் மொத்தக் கணக்கு பூஜ்யமாகிவிடாது. வேறு ஹெலிகாப்டரிலிருந்து கழற்றியது என்றால் அங்கே ஓடிய மணிநேரமும் சேரும். நடுவில் கணக்கு விட்டுப்போயிருந்தால் வாங்காதீர்கள்.

ரப்பரை யாரும் மதிப்பதில்லை. 2022-ல் அமெரிக்க ராணுவம் தன் சினூக்குகள் முழுவதையும், சுமார் 400, பறக்காமல் நிறுத்தியது. எரிபொருள் கசிந்து சில என்ஜின்களில் தீப்பிடித்திருந்தது. பராமரிப்பின்போது போட்ட சில ஓ-ரிங்குகள், அதாவது கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையங்கள், வரையறைக்கு ஒத்துவரவில்லை என்று சினூக்கின் டி55 என்ஜினைத் தயாரித்த நிறுவனம் சொன்னது.

ஆகவே ஓ-ரிங்கை அளவு பார்த்து மட்டும் எடுக்காதீர்கள். ஒரே விட்டம், ஒரே கறுப்பு, ஆனால் கலவை வேறாக இருக்கும். நைட்ரைல் என்ற ரப்பர் எரிபொருளைத் தாங்கும். ஈபிடிஎம் என்ற ரப்பர் அதில் ஊதிக் கெடும். உறையைப் பிரித்துவிட்டால் கண்ணால் பார்த்துப் பிரித்தறிய முடியாது. பொருத்தும் நிமிடம்வரை உறைக்குள்ளேயே இருக்கட்டும். சேமிப்பு ஆயுளை, உங்கள் கைக்கு வந்த நாளிலிருந்து எண்ணாமல், உறையில் அச்சிட்ட ரப்பர் பதப்படுத்திய காலாண்டிலிருந்து எண்ணுங்கள். வெயில் படும் இடத்திலும், ஓசோன் உண்டாக்கும் மின்மோட்டார் பக்கத்திலும் வைக்கவே கூடாது.

இனிப் பெட்டியைத் திறக்கலாம். ஈரப்பத அட்டை நீலமாக இருந்தால் நல்லது. இளஞ்சிவப்பாக மாறியிருந்தால் ஈரம் புகுந்திருக்கிறது. துரு இல்லை என்று ஆய்வு உறுதிசெய்யும்வரை ஒதுக்கி வையுங்கள். பேரிங்கைக் கையுறை இல்லாமல் தொடாதீர்கள், விரல் பட்ட இடத்திலேயே துரு தொடங்கும்.

தள்ளிய பாகத்துக்குச் சிவப்பு டேக் கட்டிப் பூட்டிய அறையில் வையுங்கள். இனித் தேறாது என்று முடிவானால், சீரியல் நம்பரை அழித்து, பாகத்தையும் வெட்டிய பிறகே வெளியே விடுங்கள். முழுசாகப் போனால் பெயின்ட் அடித்து, புதுக் காகிதத்தோடு யாராவது திரும்ப விற்றுவிடுவார்கள்.