ஆன்டிபாஸ்போலிபிட் நோயாளிக்கு ஈ.ஆர்.ஜி. எடுக்கும் முறை

ஆன்டிபாஸ்போலிபிட் நோயில் உடல் தனக்கெதிராகவே உண்டாக்கும் எதிர்ப்பொருள்கள் இரத்தத்தை உறையத் தூண்டுவதால், விழித்திரையின் தமனியோ சிரையோ அடைபடலாம். கண்ணடிப் படம் திசுவின் தோற்றத்தைக் காட்டும். அது வேலை செய்கிறதா என்பதை ஈ.ஆர்.ஜி. எனும் விழித்திரை மின்பதிவே சொல்லும். திடீரெனப் பார்வை இழந்து வருபவரை இதற்காகக் காக்க வைக்கலாகாது. அவருக்கு முதலில் வேண்டியது அவசர சிகிச்சை.

இந்நோயாளிகளில் பலர் இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மருந்தை எடுப்பவர்கள். சோதனைக்காக அதை ஒருவேளைகூட நிறுத்தச் சொல்லாதீர்கள். கான்டாக்ட் லென்ஸ் மின்முனை கருவிழியை உராயக்கூடும் என்பதால், நூல் மின்முனையையோ கீழிமைத் தோலில் ஒட்டுவதையோ நான் விரும்புவேன். தோலில் எடுத்தால் அலையின் உயரம் வெகுவாகக் குறையும். அந்த மின்முனைக்கென வகுத்த இயல்பளவோடுதான் அதை ஒப்பிட வேண்டும்.

கண்ணின் பாவையை விரித்து, அதன் விட்டத்தைக் குறித்தபின், நோயாளியை 20 நிமிடம் முழு இருட்டில் அமர்த்துங்கள். இடையில் துணைக்கு வந்தவர் கைப்பேசியைத் திறந்தால் கணக்கு மறுபடி தொடங்குகிறது. மின்முனைகளை மங்கிய சிவப்பு வெளிச்சத்தில் பொருத்துங்கள். சாயம் செலுத்தி விழித்திரைக் குழாய்களைப் படமெடுக்கும் ஃப்ளூரசீன் ஆஞ்சியோகிராமைப் பிறகு வைத்துக்கொள்வதே நல்லது. முன்பே எடுத்திருந்தால், இருட்டுக்கு முன் 30 நிமிடமாவது சாதாரண அறை வெளிச்சத்தில் இருக்கவிடுங்கள். மிக மங்கிய ஒளி மின்னலில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டி, பின் 10 நிமிடம் வெளிச்சத்துக்குப் பழக்கி, ஒற்றை மின்னலையும் 30 ஹெர்ட்ஸ் துடிப்பொளியையும் பதியுங்கள்.

பதிவைப் படிக்கும்போது, முதலில் கீழிறங்கும் ஏ அலையையும் அடுத்து மேலெழும் பி அலையையும் சேர்த்தே பாருங்கள். விழித்திரைக்குப் பின்னுள்ள இரத்தக்குழாய் அடுக்கான கோராய்டிலிருந்து ஊட்டம் பெறும் ஒளியுணர் செல்களிலிருந்து ஏ அலை எழுகிறது. மையத் தமனி ஊட்டும் உள்ளடுக்குகளிலிருந்து பி அலை எழுகிறது. ஆகவே மையத் தமனி அடைபட்ட கண்ணில், இருட்டில் தரும் வலிய மின்னலுக்கு ஏ அலை நிற்க, பி அலை அதைவிடச் சிறுத்துவிடும். சிரை அடைப்பில் துடிப்பொளியின் உச்சம் தாமதமானால் விழித்திரைக்கு இரத்த ஓட்டம் குறைந்திருக்கிறதெனச் சந்தேகியுங்கள். இரண்டு அலைகளும் சேர்ந்தே தாழ்ந்திருந்தால், மின்முனை நழுவியதா என்று முதலில் பார்த்துவிட்டு, பிறகு கோராய்டை நினையுங்கள்.

சிறு கிளை மட்டும் அடைபட்டால் விழித்திரை முழுவதையும் சேர்த்து எடுக்கும் இந்த முழுப்புலப் பதிவு இயல்பாகவே வரலாம். அங்கே விழித்திரையின் நடுப்பகுதியைச் சிறு சிறு இடங்களாகப் பதியும் மல்டிஃபோக்கல் ஈ.ஆர்.ஜி. தேவை. விழித்திரையைப் பாதிக்கக்கூடிய ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் மருந்தை உட்கொள்பவரிடமும் அதையே எடுங்கள். மருந்தின் நச்சு பெரும்பாலும் விழித்திரையின் நடுப்புள்ளியைச் சுற்றி வளையமாகத் தெரியும், அடைப்போ அந்தக் குழாய் ஊட்டும் பகுதியின் வடிவில் தெரியும்.